உழுதவனிடமே நெல் விற்கிறார்கள்!

கோட்டாறு கம்போளத்தில் நம் நெல்லை ஓசியில் வாங்கி நம்மிடமே விற்கும் வியாபாரி தலை தப்புவானா? எல்ஸ்வியர், ஸ்பிரிங்கர், வைலி கம்பெனிகள் செய்வது அதுதான்! விஞ்ஞான ஆராய்ச்சிக்குச் செலவாவது நம் வரிப்பணம். கட்டுரையை எழுதும், சரிபார்க்கும் பேராசிரியருக்கு வழக்கமாகக் காலணா கிடையாது. படிக்கவோ நூலகம் சந்தா அழ வேண்டும். எவன் சந்தா மலிவு என்று நூலகக் கமிட்டிகள் ஒப்பிடுகின்றன. எந்த வட்டிக்கடை நல்லது என்பதுபோல!

2024 நவம்பரில் மத்திய சர்க்கார், 30 பதிப்பகங்களின் சஞ்சிகைகளுக்கு மூன்றாண்டுச் சந்தாவாக 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சர்க்கார் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் மட்டும்! தனியார் கல்லூரியில் படிக்கும் மில் தொழிலாளியின் மகளைச் சேர்க்கவில்லை.

அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி நிலையமே, தன் பணத்தில் நடந்த ஆராய்ச்சியை எவரும் இலவசமாகப் படிக்க 2025 ஜூலை முதல் விதி செய்துவிட்டது. நம் விஞ்ஞான இலாகாவும் 2014-இல் இதுபோன்ற கொள்கையை அறிவித்ததே. அது கறாராக அமலாகாததில் யாருக்கு லாபம் என்று கேட்கிறோம்.