பட்டனை அமுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை!



உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? அப்பா வாங்கியதாக இருக்கலாம். மாமாவோ சித்தப்பாவோ கொடுத்த பழையதாகவும் இருக்கலாம். அதன் திரையில், 'விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்' என்று ஓர் அறிவிப்பு வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உடனே அதை அமுக்கிவிடும் பிள்ளைகள் உண்டு. 'அப்புறம் பார்க்கலாம்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெரியவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை என்பதுதான் என் கருத்து.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் மாதிரி. எந்த வகுப்பு எந்த அறையில், எப்போது மணி அடிக்க வேண்டும், வாசலில் யாரை உள்ளே விட வேண்டும் என்பதையெல்லாம் அவர்தானே கவனிக்கிறார்? அதுபோல, கம்ப்யூட்டரில் உள்ள எல்லா வேலைகளையும் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கவனிக்கிறது. தலைமையாசிரியர் மாறும்போது சாவிக் கொத்து, பதிவேடு எல்லாவற்றையும் சரிபார்த்துத்தானே ஒப்படைப்பார்கள்? இதற்கும் அந்தப் பொறுப்பு வேண்டாமா?

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது. ஆதரவு நின்றாலும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால், புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை.

ஓட்டை அடைக்காவிட்டால் என்ன ஆகும்? 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டு, பணம் கேட்டு மிரட்டப்பட்டன. இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த தேதிகளை எல்லாம் ரத்து செய்ய நேர்ந்தது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகிவிட்டது! போட்டுக் கொள்ளாதவர்கள்தான் மாட்டிக் கொண்டார்கள்.

'அப்படியானால் உடனே அமுக்கிவிட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். பொறுங்கள். 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பெரிய விண்டோஸ் 10 அப்டேட்டைப் போட்டுக்கொண்ட சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயின. சில நாட்களிலேயே நிறுவனம் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால், அந்தக் குறைவான வீடுகளில் உங்கள் வீடும் ஒன்றாக இருந்தால்?

அதனால்தான் சொல்கிறேன். பட்டனை அமுக்குவது ஒரு நிமிட வேலை. அதற்குத் தயார் செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

முதலில், கம்ப்யூட்டருக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவை குறைந்தபட்சம் வேண்டும். இதைச் சோதித்துச் சொல்ல 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளை மைக்ரோசாஃப்ட்டே தருகிறது.

அடுத்தது, நகல் எடுப்பது. இதுதான் முக்கியமான பாடம். அசலையும் சேர்த்து 3 பிரதிகள். 2 வகையான சாதனங்கள். அதில் 1 பிரதி வீட்டுக்கு வெளியே. இதை '3-2-1' என்று மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று வெளியே செருகும் ஹார்டு டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பிலோ அத்தை வீட்டிலோ இருக்கட்டும்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுவிட்டு விடையைச் சரிபார்க்காத மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதே இல்லை!

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு வேலையும் உண்டு. யூனிகோடு பரவும் முன்பு, தமிழுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமான எழுத்துரு வைத்திருந்தது. உங்கள் தாத்தா அந்தக் காலத்தில் டைப் செய்த கடிதமோ குடும்ப வரலாறோ கம்ப்யூட்டரில் இருக்கலாம். ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் ஏற்றினால், அந்த எழுத்துரு போய்விடும். பிறகு கடிதத்தைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் விநோதக் குறிகளும்தான் தெரியும். ஆகவே, எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகல் எடுங்கள். கடிதத்தை பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி மாற்றி வையுங்கள்.

சில கம்ப்யூட்டர்கள், மாற்றத்துக்குப் பிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை முன்பே எடுத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமிப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போலாகும். கரண்ட் அடிக்கடி போகும் ஊராக இருந்தால் யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். தேர்வுக்கு முதல் நாள் இந்த வேலையே வேண்டாம்.

மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால், பழையதற்குத் திரும்ப 10 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் பிரிண்டர், ஸ்பீக்கர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

'கடையில் கொடுத்தால் அவர்களே செய்து தருவார்களே, சார்!' என்று சிலர் கேட்கலாம். கடைக்காரர் கெட்டிக்காரர்தான். அவருக்கு மெஷினைப் பற்றித் தெரியும். ஆனால், பாட்டியின் குரலைப் பதிவு செய்த கோப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. கம்ப்யூட்டர் புத்தம் புதிதுபோலத் திரும்பி வந்தது. காலமான பெரியவரின் படங்கள் திரும்பி வரவில்லை. எதை எடுத்து வைக்க வேண்டும் என்று வீட்டில் யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியலைப் போட வேண்டியவர்கள் நீங்கள்தான். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி ஒவ்வொருவரிடமும், 'உங்களுடையது என்ன இருக்கிறது?' என்று கேட்டு எழுதுங்கள். பாஸ்வேர்டு, பணம் சம்பந்தப்பட்ட விஷயங்களைப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை என்று வந்தாலும் கலங்காதீர்கள். தூக்கிப் போடவும் வேண்டாம். லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நமது நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அவற்றில் ஒன்று. எழுதவும், படிக்கவும், இணையம் பார்க்கவும் அவை தாராளமாகப் போதும். ஓடுகிற மெஷினைக் குப்பையில் போடுவது, கிழியாத புத்தகத்தை எடைக்குப் போடுவது போன்றது.

புது விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பழைய படத்தை யாராலும் மறுபடி எடுத்துத் தர முடியாது. எனவே செல்வங்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பாட்டியிடமிருந்து பட்டியலை ஆரம்பியுங்கள். செய்வீர்கள்தானே?