கூட்டிப் போனவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி சேலையூர் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகிச் செய்யாறு பக்கம் போனவள். அவள் மகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். கையில் மைசூர்பாகு, முகத்தில் பாதி சந்தோஷம், பாதி கவலை. "ஹாஸ்டல்ல தங்கணுமாம் டீச்சர். அனுப்பலாமா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. 2021 டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது.

உங்களுக்கும் நினைவிருக்கும். ஆப்பிள் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250-க்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 159 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி வேறு. பயந்துபோன பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலையை மூடினார்கள். அதன் பிறகுதான் ஆப்பிள், சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

விதி முன்பே இருந்தது என்பதைக் கவனியுங்கள். சாலையில் பிள்ளைகள் உட்கார்ந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

இதில் யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். சமையல் ஒருவர், விடுதி ஒருவர், ஆள் எடுத்துக் கொடுத்த கான்ட்ராக்டர் ஒருவர், ஆலை ஒருவர், போன் விற்பவர் ஒருவர். வகுப்பில் கண்ணாடி உடைந்தால் விரல் ஒவ்வொரு பெஞ்சாக நகர்ந்து கடைசி பெஞ்சில் போய் நிற்குமே, அந்தக் கதைதான்.

உங்களை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? பஸ் என்னுடையது இல்லை. டிரைவரும் நான் வைத்த ஆள் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை தொலைந்திருந்தால், "அது டிரைவர் பொறுப்பு" என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்க முடியுமா? அதனால்தான் போவதற்கு முன் பஸ்ஸைப் பார்த்தேன், தண்ணீர் பார்த்தேன், இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணினேன். ஏதாவது நடந்தால் நானே வந்து சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

இப்போது உலகத்தில் சப்ளை செயின் சட்டம் என்று பேசுவது ஏறத்தாழ இதைத்தான். பொருளை விற்று லாபம் பார்க்கும் பெரிய கம்பெனி, அது எந்த ஆலையில், எப்படிப்பட்ட நிலையில் செய்யப்படுகிறது, கழிவு எந்த ஆற்றில் போகிறது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் சரிசெய்ய வேண்டும். பார்த்ததை வெளியே சொல்ல வேண்டும். 2013-ல் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்த பிறகு இந்தக் குரல் வலுத்தது. பிரான்ஸ் 2017-ல் சட்டம் போட்டது. ஜெர்மனியின் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பொதுச் சட்டம் கொண்டுவந்தது. 2025-லேயே, 5,000 பேருக்கு மேல் வேலை செய்யும் மிகப் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் போதும் என்று அதைச் சுருக்கவும் ஒப்புக்கொண்டுவிட்டது. எனக்கு இது வருத்தமே.

"நம் நாட்டில்தான் சி.எஸ்.ஆர். இருக்கிறதே டீச்சர்" என்பீர்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் நற்பணிக்குச் செலவழிக்க வேண்டும். நல்லதுதான். அப்படி வந்த பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் அது லாபத்தை எப்படிச் செலவழித்தாய் என்று கேட்கிறது. எப்படிச் சம்பாதித்தாய் என்று கேட்பதில்லை.

திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "டீச்சர், வாங்குறவங்க நாற்பது பக்கத்துக்கு ஃபாரம் அனுப்புறாங்க. விலையை மட்டும் ஒரு ரூபா ஏத்த மாட்டாங்க. கடைசியில சுமை எங்க தலையிலதான்" என்றான். அவன் சொல்வது நியாயம். கட்டளை போடுகிறவர் செலவில் பங்கு கொடுக்காவிட்டால், சட்டம் கீழே இருப்பவன் தலையில் விழும் காகிதமாகிவிடும். அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் கொடுக்கும் விலையும் அந்தக் கடமைக்குள் வரவேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதன் பின் 2022-ல் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும், ஆலை நிர்வாகமும், எச் அண்ட் எம், கேப் போன்ற வெளிநாட்டு பிராண்டுகளும் திண்டுக்கல் ஒப்பந்தம் செய்துகொண்டன. பாலியல் தொல்லையைக் கண்டுபிடித்துச் சொல்லத் தொழிலாளிகளுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஆலை வாக்கை மீறினால் ஆர்டரில் கைவைக்கவும் பிராண்டுகள் கட்டுப்பட்டன. வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகும் ஆடிட்டரைவிட, தினமும் அங்கே நிற்கும் பெண்ணுக்கு அதிகம் தெரியும் அல்லவா?

அரசும் சும்மா இல்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சந்தோஷம். ஆனால் ஐபோன் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. பேர் தெரியாத பொருள் செய்யும் ஆலைப் பெண்களுக்கு யார் திரும்புவார்கள்? அதற்குத்தான் நமக்கும் இங்கே சட்டம் வேண்டும் என்கிறேன்.

வந்தவளிடம், "அனுப்பு. ஆனால் முதல் நாள் நீயே கூடப் போய்ச் சமையலறையையும் கழிப்பறையையும் பார். அவளை வேலைக்கு எடுத்தது கம்பெனியா, கான்ட்ராக்டரா என்று கேட்டு வை" என்றேன். தலையாட்டினாள்.

உங்களில் பலர் மெப்ஸிலும் ஒரகடத்திலும் ஓ.எம்.ஆரிலும் பர்ச்சேஸ், எச்.ஆர்., ஆடிட் வேலையில் இருக்கிறீர்கள். அடுத்த முறை சப்ளையர் ஃபாரத்தில் டிக் போடும்போது, அந்த விடுதியில் தூங்குவது உங்கள் வகுப்புத் தோழியின் மகளாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். பார்த்ததை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்