பாதியில் நின்ற பொம்மைக் கதை

முப்பது வயதைத் தாண்டிய என் மகனும் அவன் சிநேகிதர்களும் ஒரு பொம்மைக் கதை அடுத்து எப்படிப் போயிருக்கும் என்று இன்றும் வாதாடுகிறார்கள். வீட்டிலுள்ளவர்களுக்கு இது கேலி. நான் பிள்ளைகள் கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டென்மார்க்கின் லெகோ நிறுவனத்தார் 2001-இல் 'பயோனிக்கிள்' என்ற பொம்மை வரிசையைக் கொண்டுவந்தார்கள். பல்சக்கரமும் மூட்டும் கோத்துப் பிள்ளைகளே பூட்டிக்கொள்ளும் பொம்மைகள். கூடவே ஒரு கதை. மாட்டா நூயி என்ற தீவில் உருளை டப்பாக்களில் ஆறு வீரர்கள் கரை ஒதுங்குகிறார்கள். உறங்கிக் கிடக்கும் பெருந்தெய்வத்தை எழுப்ப வேண்டும். அந்தத் தெய்வம் யார், எங்கே உறங்குகிறது? ஏழு வருஷம் பிள்ளைகள் யூகித்தார்கள். 2008-இல் விடை வந்தது: தெய்வம் என்பது ஒரு பிரம்மாண்ட இயந்திர மனிதன், தீவு இருந்ததே அவன் முகத்தின் மேல்தான்!

இது கடைசியில் ஒட்டவைத்த விடை அல்ல. கதைக்கு வித்திட்டவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஃபேபருக்குத் தலையில் கட்டி வந்து சிகிச்சை நடந்த காலம். நோயுற்ற உடம்புக்குள் மருந்து போய்ப் போராடுவதை நினைத்துத்தான் இந்தக் கற்பனை பிறந்ததாம். வீரர்கள் வந்த டப்பா மருந்துக் குப்பி மாதிரி. கடையில் வாங்கிய டப்பாவே துப்பு! இப்படி நாணயமாகத் துப்பு வைத்த கதையில் யூகிப்பது வெட்டிப் பொழுதாகாது, நல்ல மூளைப் பயிற்சி.

ஆனால் 2010-இல் பொம்மை வரிசையை நிறுத்தினார்கள். கதாசிரியர் கிரெக் ஃபார்ஷ்டி சில தொடர்களை மேலும் எழுதினார். 2011-இல் அவையும் பாதியில் நின்றன. 2015-இல் அதே பெயரில் மறுபடி ஆரம்பித்தார்கள், ஆனால் புதுக் கதை. பழையது அந்தரத்திலேயே நின்றது. புதியதும் அடுத்த வருஷமே மூட்டை கட்டியது.

விற்காத சரக்கை நிறுத்துவது வியாபாரம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முடிவை எழுத அச்சு வார்க்க வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம், பத்துப் பக்கம் போதும். நஷ்டத்தில் ஓடும் வண்டியை ரத்து செய்யலாம். அதற்காக ஏறிவிட்ட பிரயாணிகளை நடுக்காட்டில் இறக்குவதா? கதையைக் காட்டித்தானே பத்து வருஷம் பொம்மை விற்றார்கள்!

மிச்சத்தைப் பிள்ளைகளே கற்பனை செய்துகொள்ளட்டுமே என்பார்கள் சிலர். இன்ஜின் வழியில் நின்றுபோனால் ஷெட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வோம். பிரித்துப் பார்க்கும்போதுதான் யார் சொன்னது சரி என்று தெரியும். அந்த ருசியே தனி. இங்கே பிரித்துக் காட்ட ஆளில்லை.

உதாரணத்துக்கு, செத்த வீரர்கள் உயிர்பெறும் 'சிவப்பு நட்சத்திரம்'. அங்கிருந்து திருப்பி அனுப்பும் ஏற்பாடு பழுதாகி, உயிர்பெற்றவர்கள் மேலேயே சிக்கிக்கொண்டார்கள். கோபாகா, பொஹாட்டு என்ற இரு வீரர்களும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். அதற்குமேல் தொடர் இல்லை. யாராவது ஒரு பெரிய வீரன் வந்து எல்லோரையும் மீட்பான் என்பது என் மகனின் யூகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை பேர் அங்கே வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே கழற்றிப் பார்த்துச் சரிசெய்திருப்பார்கள்.