பூத்தையல் பொழுதுபோக்கா, தொழிலா?

மில் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதும், "ஜவுளி வடிவமைப்புப் படிக்கப் போகிறேன், எனக்கு எம்பிராய்டரி என்றால் உயிர்" என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் கிடைக்கிறது? "ஊசியையும் நூலையும் வைத்துப் பூப்போட ஒரு காலேஜா? நர்சுக்குப் படி, டீச்சருக்குப் படி" என்கிறார்கள். சங்கத்தில் முன்னணியில் நிற்கும் தோழர்கள் கூட இதைத்தான் சொல்லுகிறார்கள். பூத்தையல் என்பது வசதி படைத்த வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு, அதற்கும் உழைப்பாளிக்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் சரியல்ல என்று நாம் சொல்லுகிறோம். துணியை நெய்கிறவர்கள், தைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அந்தத் துணியில் என்ன பூ வர வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்துக்கும் போக வேண்டும். இதுவரை போகாததால் ஏற்பட்ட நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல.

மாங்காய்க்கு வந்த பெயர்

சேலைக் கரையில் வரும் மாங்காய் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உலக ஜவுளிச் சந்தையில் அதற்குப் பெயர் 'பெய்ஸ்லி'. பெய்ஸ்லி என்பது பழமுமல்ல, பூவுமல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர்.

இது எப்படி நடந்தது? காஷ்மீரத்துத் தொழிலாளர்கள் மெல்லிய ஆட்டு ரோம நூலில் இந்த மாங்காயைத் தறியில் நெய்தார்கள், ஊசியாலும் தைத்தார்கள். அந்தச் சால்வைகளை ஐரோப்பியச் சீமாட்டிகள் போட்டி போட்டு வாங்கினார்கள். 19-ம் நூற்றாண்டின் துவக்கத்திலிருந்து பெய்ஸ்லி முதலாளிகள் அதே மாதிரியை நகலெடுத்து மலிவாக நெய்து விற்றார்கள். சரக்கு வந்த ஊரின் பெயரே பூவுக்கும் ஒட்டிக்கொண்டது.

காஷ்மீரத்து உழைப்பாளிகளுக்குக் கிடைத்தது என்ன? வரிச்சுமை தாங்க முடியாமல் 1865 ஏப்ரல் 29-ல் ஸ்ரீநகரில் சால்வை நெசவாளர்கள் திரண்டு கிளம்பினார்கள். மகாராஜாவின் சிப்பாய்கள் அவர்கள்மீது பாய்ந்தார்கள். பாலத்திலிருந்து நீரில் விழுந்து 28 பேர் மாண்டார்கள். சரி, பெய்ஸ்லி நெசவாளியாவது நன்றாக வாழ்ந்தாரா? அதுவும் இல்லை. 1840-களின் துவக்கத்தில் சால்வைக் கம்பெனிகள் வரிசையாகத் திவாலாகி, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து நிவாரணத்தை நம்பிக் கிடந்தார்கள். 1870-களில் சீமாட்டிகளின் மோகம் மாறியதும் சால்வைத் தொழிலே படுத்துவிட்டது.

இரண்டு நாட்டிலும் கதை ஒன்றுதான். நெய்தவர் கையிலும் தைத்தவர் கையிலும் வேலை மட்டும் இருந்தது. மாதிரியைத் தீர்மானிப்பதும், விலை வைப்பதும், சந்தைக்கு அனுப்புவதும் வேறு ஆட்களிடம் இருந்தன. பெயரும் லாபமும் அந்தப் பக்கமே போயின.

கிளாஸ்கோவில் ஒரு வகுப்பு

அதே பெய்ஸ்லியில் 1864-ல் ஒரு சால்வை முதலாளியின் மகளாகப் பிறந்தவர் ஜெஸ்ஸி ரோவட். கிளாஸ்கோ கலைப்பள்ளியில் படித்து, அதன் தலைவர் பிரான்சிஸ் நியூபெரியை மணந்தவர். 1894-ல் அந்தப் பள்ளியில் எம்பிராய்டரி வகுப்பைத் துவக்கினார். அவர் தொழிலாளி வீட்டுப் பெண் அல்லதான். ஆனால் அவர் செய்த காரியம் நமக்கு உபயோகமானது.

அதற்குமுன் பூத்தையல் என்றால் கடையில் அச்சடித்து விற்கும் மாதிரியை வாங்கி, விலை உயர்ந்த பட்டில் அப்படியே தைப்பது என்றிருந்தது. ஜெஸ்ஸி சாதாரண லினன் துணியைக் கொடுத்தார். வேறு நிறத் துணியில் பூவை வெட்டி அதன்மேல் வைத்து ஓரம் தைக்கும் எளிய முறையைக் கற்றுக்கொடுத்தார். தைக்கிற மாணவியே மாதிரியை வரைய வேண்டும் என்றார். துணி மலிவானதால் வேலையின் தரம் குறைந்துவிடவில்லை.

1897-ல் அங்கே மாணவியாகச் சேர்ந்தவர் ஆன் மக்பெத். லங்காஷயரின் பஞ்சாலை ஊரான போல்டனில் 1875-ல் பிறந்தவர். 1901-ல் ஜெஸ்ஸிக்கு உதவி ஆசிரியை ஆனார். 1908-ல் ஜெஸ்ஸி விலகிய பிறகு பொறுப்பு இவரிடம் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கு அங்கே சனிக்கிழமை வகுப்புகள் நடந்தன. 1911-ல் மார்கரெட் ஸ்வான்சனுடன் சேர்ந்து தையல் கல்வி பற்றி ஒரு புத்தகம் எழுதினார் ஆன். அன்று பள்ளிக்கூடங்களில் சின்னஞ்சிறு பெண்களை வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால், கண்ணுக்குத் தெரியாத பொடித் தையல் போட வைத்தார்கள். குழந்தையின் கண்தான் கெட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு முரட்டுத் துணியும் வண்ண நூலும் கொடுங்கள், பெரிய தையல் போடட்டும், அந்தத் தையலிலிருந்தே அழகு பிறக்கட்டும் என்பது இவர்கள் முறை.

பெயர் தைத்த துணி

அந்த நாளில் பிரிட்டனில் பெண்களுக்குப் பார்லிமெண்ட் ஓட்டுரிமை கிடையாது. உரிமை கேட்ட பெண்களைச் சிறையில் தள்ளினார்கள். அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1910-ல் ஆன் மக்பெத் ஒரு லினன் விரிப்பை வடிவமைத்தார். அதில் உண்ணாவிரதமிருந்த 80 பெண்களின் கையெழுத்துக்கள் நூலால் தைக்கப்பட்டிருந்தன. பிறகு அதுவே கொடியாக்கப்பட்டு, அந்த வருஷம் ஜூன் மாதம் லண்டன் ஊர்வலத்தில் போயிற்று. இன்று லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. ஓட்டுரிமை 1918-ல் பாதியும் 1928-ல் முழுமையும் வந்தது.

மாங்காய் விஷயத்தில் உழைத்தவர்களின் பெயர் துணியிலிருந்து மறைந்தது. இங்கே போராடியவர்களின் பெயர் துணியிலேயே ஏறியது. இரண்டும் ஊசி செய்த வேலைதான். ஊசி யார் சொற்படி நடக்கிறது என்பதே வித்தியாசம்.

மாணவி கற்பது என்ன?

ஜவுளி வடிவமைப்பு படிக்கும் பெண் பஞ்சு, நூல், சாயம், அச்சு எல்லாவற்றையும் படிக்கிறாள். கட்டம் போட்ட காகிதத்தில் நெசவைப் புள்ளி புள்ளியாக எழுதுகிறாள். ஒரு பூ துணி முழுவதும் ஓட்டையில்லாமல் திரும்பத் திரும்ப வருவதற்குக் கணக்குப் போடுகிறாள். சிறு தறியில் சாம்பிள் நெய்கிறாள். இதில் பூத்தையல் பெரும்பாலும் ஒரு சிறு பாடம்தான். அதில் உயிரை வைத்திருப்பவள் ராத்திரி ஹாஸ்டலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சங்கிலித் தையலும் காம்புத் தையலும் பழகுகிறாள். துணி, நூல், வண்ணம் எல்லாம் கைக்காசில் வாங்க வேண்டும். பாடம் இங்கிலீஷில் நடக்கிறது. கட்டணம் பல இடங்களில் லட்சக் கணக்கில் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் திறமைக் குறைவல்ல.

ஊசி பழகியவள் வடிவமைப்பாளராக வந்தால் என்ன லாபம்? ஒரு ரவிக்கைக் கழுத்துக்குப் பூ வரைய அரைமணி நேரம் போதும். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதை ஆரி ஊசியால் தைத்து முடிக்க நாள் கணக்கில் ஆகும். ஊசியைத் தொடாதவருக்கு அந்த நேரம் தெரியாது. அவர் வரைந்த பூவுக்கு ஏஜெண்ட் வைத்ததே பீஸ் ரேட் ஆகிறது. தானே தைத்துப் பார்த்தவளுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பது தெரியும். மணிக்கணக்குத் தெரிந்தால்தான் நியாயமான கூலியைக் கேட்க முடியும். பீஸ் ரேட்டுக்காகச் சண்டை போட்ட எந்த மில் தொழிலாளிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மெஷின் வந்துவிட்டதே?

மெஷின் வந்த பிறகு கைத்தையல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மெஷின் நேற்று வந்ததல்ல. 1828-ல் ஜோசுவா ஹைல்மன் கையால் இயக்கும் எம்பிராய்டரி மெஷினைச் செய்தார். 1863-ல் சுவிட்சர்லாந்தில் ஐசக் கிரோப்லி அதைவிட வேகமான மெஷினைச் செய்தார். இன்று கம்ப்யூட்டர் மெஷின்கள் ஒரே சமயத்தில் பல துணிகளில் பூப்போடுகின்றன. ஆனால் ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும் என்று மெஷினுக்கு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். தையல் தெரியாமல் எழுதினால் துணி சுருங்கும், நூல் அறும். கை தெரிந்தவருக்கே மெஷினும் வசப்படும்.

கைத்தையலும் ஒழிந்துவிடவில்லை. லக்னோவின் சிகன் வேலையை வீடுகளில் உட்கார்ந்து பெண்கள்தான் செய்கிறார்கள். நம் ஊர்களிலும் கூலிவேலை இல்லாத நாட்களில் ஆரி வேலை செய்யும் பெண்கள் உண்டு. இவர்களை யாரும் தொழிலாளி என்று எண்ணுவதில்லை. வீட்டு வேலையோடு சேர்ந்த பொழுதுபோக்கு என்று சொல்லியே கூலியைக் குறைக்கிறார்கள். இந்தச் சொல்லை நாமும் சொல்லலாமா?

நாம் செய்ய வேண்டியது

பூத்தையல் நூலுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. பெய்ஸ்லியின் ஜே. அண்ட் பி. கோட்ஸ் நூல் கம்பெனி, ஹார்வி மில் என்று நம் ஜனங்கள் அழைத்த மதுரா மில்ஸோடு 1974-ல் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. அந்த ஹார்விகளின் தூத்துக்குடிக் கோரல் மில்லில்தான் 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை துணை நிற்க, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். நூல் நூற்றவரின் பேத்தி, அந்த நூலால் என்ன பூ வரும் என்று தீர்மானிக்க ஆசைப்பட்டால் அதில் தவறென்ன?

ஆகவே நாம் கேட்பவை இவை: சென்னையில் 1850-ல் துவங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியில் ஜவுளிப் பிரிவு இருப்பதுபோல், மில் ஊர்களிலும் சர்க்கார் செலவில், தமிழில் கற்க வசதியோடு, வடிவமைப்பு வகுப்புகள் வேண்டும். ஏழை மாணவிக்குத் துணியும் நூலும் இலவசமாகத் தர வேண்டும். வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்கு, ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுக் கூலி நிர்ணயிக்க வேண்டும். வீட்டுவேலைத் தொழிலாளருக்கு மற்றக் கூலித் தொழிலாளருக்குச் சமமான நடத்தை கோரும் 1996-ம் வருஷத்துச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபன உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்.

தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் மகள் ஊசியோடு வந்து நின்றால் விரட்டாதீர்கள். எந்தக் கல்லூரியில் இடம் இருக்கிறது, எவ்வளவு கட்டணம், என்ன சலுகை என்று விசாரியுங்கள். பணம் போதாவிட்டால் சங்கத்தில் சொல்லுங்கள். போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் கூடுகிற நாம், ஒரு பெண்ணின் படிப்புக்காகவும் கூடலாம்.