தரிசு என்று சொன்னது யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

காப்பு நிறம் பற்றிய பாடத்தில் டார்மிகன் என்னும் பறவையைப் பற்றிப் படித்தோம். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலும், ஆல்ப்ஸ் போன்ற மலைகளின் உச்சியிலும் வாழ்வது அது. குளிர்காலத்தில் பனிபோல் வெண்மை. கோடையில் பாறைபோல் பழுப்பு. தரையிலேயே முட்டையிடும். வியப்புடன் குறிப்பெடுத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும் பேருந்தில்தான் ஓர் உண்மை உறைத்தது: தரையில் முட்டையிட்டு, அதை நிறத்தால் மறைக்கும் பறவை எங்கள் ஊர்ப் பொட்டலிலும் இருக்கிறதே!

அதுதான் ஆள்காட்டி. எங்கள் அப்பத்தா 'ஆக்காட்டி' என்பார். கௌதாரி அளவு, கரிய தலையும் மார்பும், கண்ணுக்கு முன்னே சிவந்த தசை மடல், நீண்ட மஞ்சள் கால்கள். மார்ச் முதல் ஆகஸ்டு வரை முட்டையிடும் காலம். கூடு என்று ஒன்றுமில்லை. சரளைமண்ணில் சிறு குழிவு, அவ்வளவே. அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். கரும்புள்ளிகள் கொண்ட அவற்றைக் கல்லினின்று பிரித்தறிவது அரிது. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 4 வாரம் அடைகாக்கும். வெயில் கொளுத்தும்போது வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விக்கும். பொரிந்த குஞ்சுகள் சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கும். தாய் எச்சரித்தால் மண்ணோடு மண்ணாகப் பதுங்கும்.

மனிதனைக் கண்டால் ஆள்காட்டி கத்துவது ஏன் என்று இப்போது புரிகிறது. ஈராண்டுக்கு முன் மரம் நடும் முகாம் ஒன்றில் நானும் மண்வெட்டி பிடித்தேன். ஒரு ஜோடி தலைக்கு மேலே வட்டமிட்டுக் கதறியது. நாங்கள் சிரித்துக்கொண்டே குழி தோண்டினோம். ஆனால் பள்ளிப்படிப்பே இல்லாத என் தந்தை, சென்ற கோடை உழவில் நான்கு முட்டைகளைக் கண்டதும் டிராக்டரை நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் உழாமல் விட்டார். இருவரில் படித்தவன் யார்?

மரம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. நிழலில்லாத சாலையோரமும், கரையிழந்த கண்மாயும் மரத்துக்குக் காத்திருக்கின்றன. ஆனால் மரமில்லாத இடமெல்லாம் வெற்றிடம் என்ற எண்ணம் தவறு. நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொட்டல்கள் பல ஏற்கெனவே தைலமரத் தோப்புகளாகிவிட்டன. எஞ்சியவற்றில் சிலவற்றையாவது திறந்தவெளியாகவே விட்டுவைக்க வேண்டும். நடுவதாயின் ஐப்பசி மழையில் நடுவோம். கன்றும் பிழைக்கும், அடைகாக்கும் காலமும் முடிந்திருக்கும். குழி தோண்டுமுன் ஒருமுறை தரையைப் பார்த்து நடப்போம்.

'தரிசு' என்பது நாம் இட்ட பெயர். அங்கே குடியிருப்பவரைக் கேட்டா அப்பெயரை இட்டோம்? தோழர்களே, சிந்திப்போமாக!