ஸ்ட்ராபெர்ரி காத்திருக்காது, மரவள்ளி காத்திருக்கும்

“கேமா? எங்க மச்சான்... டைமே இல்லடா.”

பிளஸ் டூ வரைக்கும் ராங்க், டயர், ஹெட்ஷாட் என்று பேசித் திரிந்த பையன்கள், கல்லூரி இரண்டாம் வருஷம் வந்ததும் பேசுகிற முதல் வசனம் இது. அடுத்த வசனம் இன்னும் சுவாரசியம்: “ஒரு மாசம் விட்டுட்டேன், இனிமே போய் ஈடு குடுக்க முடியாது.”

முதல் வசனத்தில் தப்பே இல்லை. வயசு ஏறினால் வேலை ஏறும், விளையாட்டு இறங்கும். உலக வழக்கம். இரண்டாவதுதான் இடிக்கிறது. ஒரு மாசம் ஆடாமல் இருந்தால் தொடரவே முடியாது என்கிற மாதிரி ஒரு விளையாட்டு எப்போதிலிருந்து வந்தது?

கச்சிராயபாளையம் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் பொங்கல் லீவில் நடக்கிற கிரிக்கெட்டைப் பாருங்கள். வருஷம் முழுக்க சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு வந்த அண்ணன் ஒருத்தர், பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு பேட்டை வாங்குவார். ரெண்டு பந்து ஏமாறுவார். மூணாவது பந்து தென்னந்தோப்புக்குள் போய் விழும். “அண்ணே, நீங்க போன சீசன் ஆடலை, உங்க பேட் லாக் ஆயிடுச்சு” என்று எவனும் சொல்ல மாட்டான். பழைய கோயில் கல்தரையில் வெட்டி வைத்திருக்கிற ஆடு புலி ஆட்டக் கட்டமும் அப்படித்தான். தாத்தா ஆடிவிட்டுப் போன கட்டத்தில் பேரன் வந்து காயை வைக்கலாம். அப்டேட் கேட்காது.

இப்போது ஃபோனுக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சியில் பி.காம். படிக்கிற ஒரு மாணவனின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறு மணிக்கு எழுந்தால்தான் பஸ். கல்லூரி. முடிந்ததும் ஏதோ ஒரு ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து டாலியில் என்ட்ரி போடும் வேலை. வீடு திரும்பினால் ராத்திரி எட்டு. சாப்பாடு, கொஞ்சம் குரூப் 4 புத்தகம், அம்மாவுக்கு ரெண்டு வேலை. எல்லாம் போக மிஞ்சுவது நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் என்பது குறைவான நேரமா? ஒரு பாட்டு ஆல்பம் கேட்டு முடிக்கலாம். ஒரு சிறுகதை படித்துவிட்டு அதைப் பற்றி ஒருத்தனிடம் சண்டையும் போடலாம். ஆனால் பி.ஜி.எம்.ஐ.யில் எரங்கல் மேப்பில் கடைசி வட்டம் வரை தாக்குப்பிடித்தால் ஒரே ஒரு மேட்ச், கிட்டத்தட்ட அரை மணி. அதற்கு முன்னால் அப்டேட், அதற்கு முன்னால் பத்து விளம்பரத்தை மூடுகிற வேலை. முடிந்தது நாற்பது நிமிஷம். தினசரி மிஷன், வாராந்திர மிஷன் எல்லாம் அப்படியே பாக்கி.

இதே கேம் 2023 மே மாதம் தடை நீங்கித் திரும்பி வந்தபோது நேரக் கட்டுப்பாடு என்று ஒன்று வைத்தார்கள். பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம். ஆறு மணி நேரம்! கட்டுப்பாடே இவ்வளவு என்றால், எதிர்பார்ப்பு எவ்வளவாக இருந்திருக்கும்? நாற்பது நிமிஷம் வைத்திருக்கிறவன் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

நேரத்தைப் பிடித்து இழுக்கிற இந்த வித்தை பப்ஜியோடு வந்ததில்லை. 2009ல் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் என்று ஒரு விவசாய விளையாட்டு வந்தது. அடுத்த வருஷமே மாசத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் ஆடினார்கள். அதில் ஸ்ட்ராபெர்ரி போட்டால் நாலு மணி நேரத்தில் விளையும். விளைந்ததும் வந்து பறிக்க வேண்டும். வராவிட்டால் வாடிப்போகும். அதனால் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தவர்களும், ராத்திரி அலாரம் வைத்து எழுந்தவர்களும் ஸ்ட்ராபெர்ரி பறித்தார்கள். 2012ல் வந்த கேண்டி க்ரஷ் இதையே திருப்பிப் போட்டது. ஐந்து உயிர் போய்விட்டால் ஒரு உயிர் திரும்ப அரை மணி நேரம் காத்திரு. அங்கே விளையாட்டு ஆளுக்காகக் காத்திருக்காது, இங்கே ஆள் விளையாட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். ரெண்டிலும் கடிகாரம் இருப்பது கம்பெனி கையில்.

கல்வராயன் மலையில் நிஜ விவசாயம் பண்ணுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளிதான் முக்கியப் பயிர்களில் ஒன்று. நட்டால் ஒன்பது, பத்து மாசம். அதற்கப்புறமும் விலை சரியில்லை என்றாலோ, பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்றாலோ, கொஞ்ச நாள் மண்ணுக்குள்ளேயே விட்டு வைக்கலாம். கிழங்கு பொறுத்துக்கொள்ளும். சேகோ ஆலைக்காரர் விலை ஏற்றுகிறாரா என்று பார்த்துவிட்டுப் பிடுங்குகிறவர்கள் உண்டு. நிஜத்தில், மண்ணும் மழையும் வெயிலும் சம்பந்தப்பட்ட ஒரு பயிர் மனுஷனுக்காகக் காத்திருக்கிறது. சர்வரில் நாலு எழுத்தாக இருக்கிற ஸ்ட்ராபெர்ரிக்கு அவசரம்! அது வாடுவதற்கு இயற்கையில் எந்தக் காரணமும் கிடையாது. வாட வேண்டும் என்று ஒருத்தர் உட்கார்ந்து முடிவு பண்ணியதால்தான் வாடியது. (அந்த ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. வாடாமல் காப்பாற்றிய தோட்டங்களும் சேர்ந்து போயின.)

அப்படியென்றால் முன்பெல்லாம் கேம்கள் உத்தமமா என்று கேட்கலாம். இல்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வைஸ் சிட்டி ஆடியவர்களுக்கு அந்த வேதனை தெரியும். பாதி மிஷனில் இருக்கும்போது கடைக்கார அண்ணன் “டைம் ஓவர் தம்பி” என்பார். சேவ் பண்ண ஹோட்டல் ரூமுக்குத் திரும்பிப் போக வேண்டும், அதற்குள் ஸ்கிரீன் லாக். 2011, 2012ல் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, போனால் ஆடியதெல்லாம் போச்சு. 2011ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் கைக்கு வந்த பிறகுதான் பலருக்குக் கொஞ்சம் நிம்மதி. பேட்டரி இருந்ததே! பென் டிரைவில் ஐ.ஜி.ஐ.யும் வைஸ் சிட்டியும் ஊர் ஊராகச் சுற்றின. அந்தக் காலத்திலும் நேரம் பற்றாக்குறைதான். ஆனால் பரீட்சை என்று ரெண்டு மாசம் மூடி வைத்தாலும் திரும்ப வரும்போது டாமி வெர்செட்டி விட்ட இடத்திலேயே, அதே சட்டையோடு நின்றுகொண்டிருப்பார்.

மாறியது அதுதான். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ரியல் அக்கவுண்ட்டின் பாக்கி அடுத்த வருஷத்துக்கு எடுத்துச் செல்லப்படும். நாமினல் அக்கவுண்ட் வருஷக் கடைசியில் மூடப்படும். வைஸ் சிட்டியில் முடித்த மிஷன் ரியல் அக்கவுண்ட். இன்றைக்கு ஃபோனில் ஏறுகிற ராங்க் நாமினல் அக்கவுண்ட். சீசன் முடிந்ததும் டயர் கீழே இறக்கப்படும், மறுபடி முதலிலிருந்து ஏறு. அறுபது நாள் உழைப்பு சஸ்பென்ஸ் கணக்குக்குக்கூடப் போவதில்லை.

ராயல் பாஸ் சமாச்சாரம் இதைவிட அழகு. காசு கொடுத்து வாங்கினால் பரிசு வருமா? வராது. பரிசுக்காக உழைக்கிற உரிமை வரும். ஐம்பது சொச்சம் லெவல் ஏறினால்தான் அந்த டிரஸ். ஏறாவிட்டால் கொடுத்த காசும் வீண், சீசனும் முடிந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேலைக்கு எடுப்பதில்லை. இங்கே எடுக்கிறார்கள், அதுவும் வரிசையில் நின்று சேர்கிறார்கள் :) காசு போட்டாச்சே என்பதற்காகவே தூக்கத்தை விட்டுவிட்டு மிஷன் முடிக்கிறவர்கள், காஸ்டிங் பேப்பரில் சங்க் காஸ்ட் பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் பிரமாதமாகப் பதில் எழுதுவார்கள்.

அப்படிச் சேர்த்த சொத்தின் கதியும் தெரிந்ததே. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தபோது பப்ஜியும் அதில் போனது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளக் கொஞ்ச காலம் வழி கொடுத்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோரிலிருந்து காணாமல் போய், பத்து மாசம் கழித்து வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். தினமும் தவறாமல் லாகின் பண்ணி ஸ்ட்ரீக் காப்பாற்றியவனும், மாசத்துக்கு ரெண்டு தரம் எட்டிப் பார்த்தவனும் அன்றைக்கு ஒரே இடத்தில் நின்றார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பணம் வைத்து ஆடுவதற்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை என்று விதி வந்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே வருஷம் ஆகஸ்டில் பணம் வைத்து ஆடுவதையே தடை செய்து மத்தியச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் நேரத்தைப் பந்தயமாக வைத்து ஆடுகிற விளையாட்டுக்கு எந்தச் சட்டமும் கைகொடுக்காது. கொடுக்கவும் முடியாது. சீனாவில் 2021ல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும் தலா ஒரு மணி நேரம் என்று உத்தரவு போட்டார்கள். வயசு வந்தவன் விஷயத்தில் அந்த ஊரிலேயே கை வைக்கவில்லை. ஆக, நாற்பது நிமிஷத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை அவனவனே முடிவு பண்ண வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க நினைப்பதே வீண் வேலை. ஸ்டீம் கடையில் 2024 ஒரே வருஷத்தில் 18 ஆயிரத்துக்கும் மேல் புது கேம்கள் வந்தன. வேலை வெட்டி இல்லாதவன்கூட ஈடு கொடுக்க முடியாது. அதனால் ஆளுக்காகக் காத்திருக்கிற கேமைப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

ஸ்டார்டியூ வேலி இருக்கிறது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016ல் வெளியிட்டது. 2018ல் ஃபோனுக்கும் வந்தது. இதுவும் விவசாயம்தான். ஆனால் மூடி வைத்தால் அதற்குள் காலம் நின்றுவிடும். பயிர் வாடாது, மாடு கோபித்துக்கொள்ளாது. அதில் ஒரு நாள் என்பது இங்கே சுமார் 14 நிமிஷம். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வருகிற பஸ்சில் ரெண்டு நாள் வெள்ளாமையைப் பார்த்துவிடலாம், உட்கார சீட் கிடைத்தால்.

‘வெண்பா’ இருக்கிறது. 2023 ஜூலையில் வந்தது. டொராண்டோவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளோடு அம்மாவின் சமையல் நோட்டு, முதல் வேலையே இட்லி ஊற்றுவது. மொத்தமே ஒன்றரை மணி நேரம், ஒரு சினிமாவைவிடக் குறைவு. பாஃப்டா விருது வாங்கியது. தமிழ் பேசுகிற ஒரு விளையாட்டுக்கு இந்தப் பெருமை கிடைத்திருக்கிறது என்பதே நிறைய பேருக்குத் தெரியாது. கேட்டால் அதே பதில், டைம் இல்லை. ஒரு துப்பாக்கிக்குப் பெயிண்ட் மாற்ற மட்டும் முப்பது மணி நேரம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. “ராங்குக்காகவா ஆடறோம்? ஃப்ரெண்ட்ஸுக்காகடா.”

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வெள்ளிமலைப் பக்கத்துப் பையன்கள் பலர் படிப்பு முடிந்தோ முடியாமலோ கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். ஒருத்தன் குடகில், ஒருத்தன் திருப்பூரில், ஒருத்தன் கல்லூரியில், ஒருத்தன் மலையிலேயே. அந்த நாலு பேரும் சந்திக்கிற ஒரே திண்ணை அந்த லாபிதான். மலையில் இருக்கிறவனுக்குச் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். அப்படி ஏறி வந்து திறந்தால் ஒரு ஜி.பி. அப்டேட் கேட்கிறது. ரெண்டு வாரம் வரமுடியாமல் போனால் அவன் டயர் கீழே, மற்றவர்கள் மேலே. “நீ வந்தா மைனஸ் ஆகும்டா, வேற ஆள் எடுத்துக்கறோம்.” விளையாட்டாகச் சொல்வதுதான். ஆனால் நேரமும் நெட்டும் இல்லாதவன் முதலில் இழப்பது கூட்டாளிகளைத்தான். பணம் இல்லாதவனுக்கு ஊரில் நடக்கிறது ஃபோனுக்குள்ளும் நடக்கிறது.

இதற்கு ஒரு வழி சில செட்டுகளில் ஏற்கெனவே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி, எல்லோருக்கும் தோதான ஒரே நேரம். அதற்கு முன்னாலேயே நெட் கிடைக்கிற இடத்தில் அப்டேட் போட்டுவிட வேண்டியது அவரவர் பொறுப்பு. கிளாசிக் கிடையாது, டி.டி.எம். ரெண்டு ரவுண்டு மட்டும், ரவுண்டுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. மீதி நேரம் மைக்கை ஆன் பண்ணி வைத்துக்கொண்டு குடகில் மழை எப்படி, மரவள்ளி என்ன விலை, யாருக்கு நிச்சயம் ஆச்சு என்று பேச்சு. கிளாசிக் ராங்க் ஒரு புள்ளிகூட ஏறாது. அது எப்படியும் சீசன் முடிந்தால் இறங்கத்தானே போகிறது.