பெட்டிக்கும் ஒரு பின்வாசல்



பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளின் யூ.பி.யூ. விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். சின்னவன் ரவுட்டரின் பின்புறமிருந்த சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்திக்கொண்டே இருந்துவிட்டான். இணையம் நின்றுபோனது. இருட்டில் பட்டணத்துக்கு ஓடி, உறவினர் வீட்டிலிருந்து விண்ணப்பத்தை அனுப்பினார்களாம். "அதை நாங்களே சரிசெய்ய முடியாதா?" என்று கேட்கிறார்.

முடியும் அம்மா. குனோங் பிரிஞ்சாங் உச்சியில், 2,000 மீட்டருக்கு மேலே, அலைபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனாலும் மலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் லயங்களுக்கு அலை சரியாக எட்டுவதில்லை. அதனால் கம்பி வழி இணையம் வந்திருக்கும் வீட்டார் அதன் போக்கை அறிந்திருப்பது நல்லது.

சுவரில் வந்து சேரும் ஒளியிழை கண்ணாடி நூல். அதை மடக்காதீர்கள், முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். அது சேரும் சிறு பெட்டி ஒளியை மின் குறிப்பாக மாற்றுகிறது. அங்கிருந்து வரும் கேபிளை ரவுட்டரில் 'வேன்' என்று குறித்த துளையில் செருக வேண்டும். 'லேன்' என்று குறித்த துளைகள் வீட்டுக் கணினிகளுக்கு. சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் கோளாறு வெளியில்தான், ரவுட்டரை நோண்டாதீர்கள்.

சின்னவன் அழுத்தியது, பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பும் பொத்தான். வீட்டு இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதோடு அழிந்துவிடும். பதற வேண்டாம். மடிக்கணினியை ஒரு கேபிளால் லேன் துளையில் இணையுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற எண் இருக்கும். அதை இணைய உலாவியில் தட்டினால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும். வெளியுலகத் தொடர்பு இல்லாவிட்டாலும் இந்த வாசல் திறக்கும். இழந்த இரண்டையும் அங்கே எழுதிச் சேமித்தால் போதும்.

பள்ளி, தோட்ட அலுவலகம் போன்ற இடங்களில் உள்ள பெரிய ரவுட்டர்களில் இதற்கென்றே 'கான்சோல்' என்ற தனித் துளை உண்டு. பார்ப்பதற்கு லேன் துளை போலவே இருக்கும். வழக்கமான கேபிளை அதில் செருகி ஏமாந்தவர்கள் பலர். அதற்குத் தனிக் கேபிள் வேண்டும். கணினியில் வேகம் 9600, தரவு 8, நிறுத்தம் 1, சமநிலைச் சோதனை இல்லை என்று அமைப்பதே பல கருவிகளில் வழக்கம். அந்தத் துளையைத் தொட முடிந்தவன் கடவுச்சொல்லையே மாற்றிவிடவும் வழியுண்டு. ஆகவே அந்த அலமாரிக்குப் பூட்டு அவசியம்.

மலையில் இடி அடிக்கடி வரும். மழை இருட்டும்போதே ரவுட்டரின் மின் செருகியைக் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் கம்பியைத் தொட வேண்டாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும் என்பதற்காக அடுத்த வீட்டுக்கு வெளியே இழுத்துக் கட்டாதீர்கள். மின்னலின் வேகம் அந்தச் செம்புக் கம்பி வழியே இரண்டு வீட்டுக் கருவிகளையும் சுட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. இணைப்பைப் பொருத்த வருபவரிடம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் உறையிலேயே அந்தத் தாளையும் வையுங்கள். இப்போது அதுவும் அவர்கள் படிப்புக்கு வேண்டிய பத்திரம்தானே!